புதுப்பிப்பு: நிறுத்திவைத்தால் பேட்டரி தீர்ந்துபோன சிக்கல்

ஒரு வாரம் ஓட்டாவிட்டால் என் 20 வயது சொகுசு செடானின் பேட்டரி தீர்ந்துவிடுகிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன், காரணம் கிடைத்துவிட்டது. பேட்டரியின் நெகட்டிவ் முனையில் மல்டிமீட்டரை (மின் அளவீட்டுக் கருவி) தொடராக இணைத்து, கதவுகளைப் பூட்டி, மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் உறங்கும்வரை 40 நிமிடம் காத்திருந்து அளந்தபோது, 0.05 ஆம்பியருக்குள் அடங்க வேண்டிய மின்னோட்டம் 0.45 ஆக இருந்தது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 11 ஆம்பியர்-மணி இழப்பு என்றால், 70 ஆம்பியர்-மணி பேட்டரி அத்தனை நாள் தாங்கியதே பெரிது. ஃபியூஸைப் பிடுங்கினால் அந்தப் பெட்டிகள் விழித்துக்கொள்ளும் என்பதால், ஒவ்வொரு ஃபியூஸின் இரு முனைகளுக்கிடையே மில்லிவோல்ட் வீழ்ச்சியைப் பார்த்தேன்; வீழ்ச்சி இருந்தால் அதன் வழியே மின்னோட்டம் போகிறது என்று பொருள். உள்விளக்கு ஃபியூஸ் காட்டிக்கொடுத்தது. கைபேசியில் வீடியோ பதிவை ஓடவிட்டு டிக்கிக்குள் வைத்து மூடிப் பார்த்தால், அங்குள்ள 5 வாட் விளக்கு அணையவே இல்லை. ஓடும்போது பேட்டரிக்கு மின்னேற்றும் ஆல்டர்னேட்டரைச் சந்தேகித்து வீணாகக் கழற்றியதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். டிக்கிப் பூட்டின் சுவிட்சை மாற்றியபின் அளவு 0.03 ஆம்பியர்.