லேபில் இருந்து ட்ரயலுக்கு: ஃப்ரிட்ஜ் சொல்லிக் கொடுத்த பாடம்

லேப் வேலையை விட்டு, புது மருந்தை நோயாளிகளிடம் சோதிக்கும் க்ளினிக்கல் ட்ரயல் வேலைக்கு வந்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். நான் ஆறு வருடம் செல் வளர்க்கும் (செல் கல்ச்சர்) லேபில் இருந்தேன். ஃபிளாஸ்கில் பூஞ்சை வந்துவிட்டால் ப்ளீச் ஊற்றிக் கொட்டிவிட்டு, நைட்ரஜன் டேங்கில் உறைய வைத்திருக்கும் செல் குப்பி இன்னொன்றை எடுத்து மறுபடி ஆரம்பிப்போம். ஒரு வாரம் போகும், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தோடுதான் சிஆர்ஏ வேலைக்கு வந்தேன்; ட்ரயல் நடக்கும் ஆஸ்பத்திரிகளுக்குப் போய் எல்லாம் விதிப்படி நடக்கிறதா என்று பார்க்கும் மானிட்டர் வேலை. சம்பளம், அலைச்சல் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் ஒரு திங்கட்கிழமையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மதுரைப் பக்கம் ஒரு மருத்துவமனை. ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜின் வெப்பநிலையைப் பதிவு செய்யும் டேட்டா லாகரைக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தால், ஞாயிறு மதியம் மூன்று மணி நேரம் 13 டிகிரி! கரண்ட் போயிருக்கிறது, அந்த அறைக்கு ஜெனரேட்டர் லைனே இல்லை. இதற்கான விதியில் குழப்பம் எதுவும் கிடையாது. எல்லா மருந்துக் குப்பியையும் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு, ட்ரயலை நடத்தும் ஸ்பான்சர் கம்பெனிக்கு எழுத வேண்டும், பதில் வரும்வரை யாருக்கும் போடக் கூடாது. எழுதி முடித்து வெளியே வந்தேன். பெஞ்சில் ஓர் அம்மா. முதல் பஸ் பிடித்து வெறும் வயிற்றோடு வந்திருக்கிறார்.

"ஊசி இன்னிக்கு இல்லையாமே. அப்ப நான் சாப்பிடலாமா தம்பி?"

நோயாளியிடம் பேசுவது மானிட்டரின் வேலை இல்லை. ஆஸ்பத்திரியில் ட்ரயல் வேலைகளைக் கவனிக்கும் கோஆர்டினேட்டரைக் கை காட்டினேன். அதற்கே கூச்சமாக இருந்தது. நல்ல வேளை, வருகைக்கு முன்பின் மூன்று நாள் அவகாசம் ட்ரயலின் திட்ட ஆவணமான ப்ரோட்டோகாலில் இருந்தது. ஆனால் இன்னொரு முறை வந்துபோகும் பஸ் காசு பட்ஜெட்டில் இல்லை. அந்தச் சொற்பத் தொகைக்கு எத்தனை மெயில்!

இப்போது ப்ராஜெக்ட் மேனேஜராக இருக்கிறேன். ட்ரயலுக்குப் புது ஆஸ்பத்திரி பார்க்கப் போனால் டாக்டரின் பயோடேட்டாவுக்கு முன்னால் ஃப்ரிட்ஜ் எந்த லைனில் ஓடுகிறது என்றுதான் கேட்கிறேன். கூடுதல் வருகைக்குப் பயணப்படி என்று பட்ஜெட்டில் ஒரு வரியும் சேர்த்துவிடுவேன்.

* * *

மேலே எழுதியவர் சிஆர்ஏவாக வந்தவர்; நான் மைக்ரோபயாலஜி லேபில் இருந்து கோஆர்டினேட்டராக வந்தவள். என்னை மாட்டிவிட்டது டெங்கு. ட்ரயலில் இருந்த ஒருவர் டெங்கு காய்ச்சலில் வேறு ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆகிவிட்டார். கொசு கடித்ததற்கும் நம் மருந்துக்கும் என்ன சம்பந்தம் என்று, லேப் புத்தி, பேசாமல் இருந்துவிட்டேன். அட்மிட் ஆனாலே அது எஸ்ஏஇ, அதாவது தீவிர பாதக நிகழ்வு. ட்ரயலுக்கான 2019 விதிகளின்படி இன்வெஸ்டிகேட்டர், அதாவது ட்ரயலை நடத்தும் டாக்டர், 24 மணி நேரத்துக்குள் மத்திய மருந்து அதிகாரிக்கும் ஸ்பான்சருக்கும், ட்ரயலில் இருப்பவர்களின் நலனைப் பார்க்கும் எதிக்ஸ் கமிட்டிக்கும் தெரிவிக்க வேண்டும். காரணம் மருந்தா கொசுவா என்பது அப்புறம். தாமதத்துக்கு டாக்டர் விளக்கம் எழுத வேண்டியதாகிவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.