ஹைட்ராஞ்சியாவுக்குத் தமிழ்ப் பெயர்: ‘காட்டு’ என்னும் அடைமொழி வேண்டாம்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

குன்னூர் நண்பர் தொடங்கிய இந்த இழையில், மலைத் தோட்டங்களில் பெருங்கொத்தாகப் பூக்கும் புதரான ஹைட்ராஞ்சியாவுக்கு ‘பந்துப்பூ’, ‘நிறமாறி’, ‘நீர்க்குடச்செடி’ என்னும் பெயர்களும், அதன் அமெரிக்கச் சிற்றினமான ஹைட்ராஞ்சியா ஆர்போரெசன்ஸுக்குக் ‘காட்டு ஹைட்ராஞ்சியா’ என்ற பெயரும் இதுவரை வந்துள்ளன. செடியைக் கையில் பிடித்துப் பார்ப்பவர் அதை இன்னதென்று அறிய உதவும் பெயரே நல்ல கலைச்சொல் என்பது என் கருத்து. அந்த அளவுகோலை வைத்தே இவற்றைப் பார்க்கிறேன்.

‘பந்துப்பூ’ என்பது தோட்டத்துக்கென்று தெரிந்தெடுத்து வளர்த்த வகைகளுக்கு மட்டுமே பொருந்தும். இயல்பாக வளரும் ஹைட்ராஞ்சியாக்கள் பெரும்பாலும் தட்டையாகவோ கூம்பாகவோ பூங்கொத்து விடுபவை. ஆகவே பேரினம் முழுமைக்கும் இப்பெயர் ஆகாது.

‘நிறமாறி’ அழகான சொல். நீலகிரியில் வளர்ந்தவர்களுக்கு அது உடனே விளங்கும். ஜப்பானிலிருந்து வந்த ஹைட்ராஞ்சியா மேக்ரோபில்லா நம் தேயிலை மண்ணில் நீலமாகவும், அதே செடியின் போத்தை (வெட்டி நடும் கொம்பை)ச் சுண்ணாம்புச் சுவரின் ஓரத்தில் நட்டால் இளஞ்சிவப்பாகவும் பூப்பதைப் பழைய பங்களாத் தோட்டங்களில் காணலாம். மண்ணின் கார அமில நிலை ஏறக்குறைய 5.5க்குக் கீழே இருக்கும்போது அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கிறது. அது பூவிலுள்ள டெல்பினிடின் நிறமியோடு சேர்ந்து நீலம் தருகிறது. சுவரிலிருந்து கசியும் சுண்ணாம்பு அமிலத்தன்மையைக் குறைத்துவிட்டால் அலுமினியம் கரையாமல் மண்ணிலேயே கட்டுண்டு கிடக்கும். அதே நிறமி அப்போது இளஞ்சிவப்பாகத் தெரியும். லிட்மஸ் தாள் போல அமிலமே நேரடியாக நிறத்தை மாற்றுகிறது என்று இழையில் ஒருவர் எழுதியிருந்ததால் இதைச் சற்று விரித்துச் சொன்னேன். ஆனால் வெள்ளைப் பூ வகைகளும் நாம் இங்கே பெயர் தேடும் ஆர்போரெசன்ஸும் எந்த மண்ணில் நட்டாலும் இப்படி நிறம் மாறுவதில்லை. மாறாத செடிக்கு ‘நிறமாறி’ என்று பெயர் வைத்துவிட்டு, பிறகு விதிவிலக்குச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

‘நீர்க்குடச்செடி’ மூலப் பெயரின் நேர் பொருள். 1739ஆம் ஆண்டில் குரோனோவியஸ் என்ற டச்சுத் தாவரவியலாளர், வட அமெரிக்காவின் வர்ஜீனியாவில் திரட்டிய செடிகளை விவரித்தபோது, நீர், பாண்டம் என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்து இப்பெயரை அமைத்தார். அது பூவைப் பார்த்து இட்ட பெயரன்று. காயின் வடிவத்தைப் பார்த்து இட்டது. அவர் முன்னிருந்தது ஊட்டியில் நாம் காணும் நீலப் பந்தும் அன்று, இந்த ஆர்போரெசன்ஸேதான். ஆகவே பாண்டம் என்ற கருத்தைக் கைவிடக் கூடாது என்பதில் குன்னூர் நண்பரோடு முழுவதும் உடன்படுகிறேன். எனினும் நம் வீடுகளில் ‘தண்ணீர்க்குடம் உடைந்துவிட்டது’ என்றால் அது பேறுகாலத்தைக் குறிக்கும். அந்தப் பொருள் செடிப் பெயருக்குள் நுழைவதை விரும்பவில்லை. ‘குடுவை’ என்னும் சொல்லைப் பூச்சியுண்ணும் நெப்பந்தஸுக்கு முன்பே கொடுத்துவிட்டோம். ‘கலசம்’ கோபுரத்தையும் பூசையையும் நினைவூட்டும். எனவே ‘கலயம்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன். இரண்டு மில்லிமீட்டர் அளவே உள்ள அந்தக் காயைக் கைக்கண்ணாடியில் பார்த்தால், வரி வரியாகப் புடைத்த வயிறும், தட்டையான வாயும், வாயின் மேல் காய்ந்தும் உதிராமல் கொம்புபோல் நிற்கும் இரண்டு சூல்தண்டுகளும் தெரியும். முற்றியதும் அந்த இரு கொம்புகளுக்கும் நடுவே திறந்து, தூள் போன்ற விதைகளைக் கொட்டும். நீரோடு தொடர்பில்லாமலே சிறு பாண்டம் என்னும் வடிவம் ‘கலயம்’ என்ற சொல்லில் நிற்கிறது.

மலைத் தோட்டங்களில் யாரும் பார்க்காத காயை வைத்துப் பெயரிடலாமா என்று கோத்தகிரி ஆசிரியை அம்மா கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. பந்து வகைகளில் ஏறக்குறைய எல்லாம் மலட்டுப் பூக்கள் என்பதால் காய் அரிது. ஆனாலும் நிறம் வெளிறிய கொத்தைக் கையால் விலக்கிப் பார்த்தால், அடியில் ஒளிந்திருக்கும் சில வளமான சிறு பூக்களும், சில நேரம் கலயங்களும் அகப்படும். நடுவில் சிறு மொட்டுகளும் சுற்றிலும் சில பெரிய பூக்களுமாக இருக்கும் தட்டைக் கொத்து வகையில் இவை தேடாமலே கண்ணில் படும்.

‘காட்டு’ என்னும் அடைமொழியைத்தான் நான் உறுதியாக எதிர்க்கிறேன். காட்டு மல்லிகை, காட்டுக் கறிவேப்பிலை என்று சொல்லும்போது, நம் ஊர்க் காட்டில் தானாக வளர்வது என்றே தமிழில் பொருள்படும். ஆர்போரெசன்ஸின் காடு நியூயார்க் தொடங்கிப் புளோரிடாவின் வடபகுதி வரை பரவிய அமெரிக்கக் கிழக்குக் காடு. அங்கே ஈரமான சரிவுகளிலும் ஓடைக்கரைப் பாறைகளிலும் அது நிழலில் வளர்கிறது. நீலகிரியிலோ பழனி மலையிலோ ஹைட்ராஞ்சியாப் பேரினத்தில் எதுவும் இயற்கையாக வளர்வதில்லை. இந்தியாவில் அது இமயமலைப் பகுதிக்கு உரியது. சோலையில் ஒருவர் எதிரடுக்கு இலையும் வெள்ளைச் சிறு பூங்கொத்தும் உள்ள புதரைக் கண்டு ‘காட்டு ஹைட்ராஞ்சியா’ என்று எழுதினால், அவர் கண்டது பெரும்பாலும் விபர்னம் என்னும் வேறொரு பேரினச் செடியாக இருக்கும். இந்தக் குழப்பம் புதியதன்று. தோட்டத்து மேக்ரோபில்லாவையே 1784இல் துன்பெர்க் என்ற தாவரவியலாளர் விபர்னம் என்றுதான் வகைப்படுத்தினார். 1830இல்தான் செரிங்கே அதை ஹைட்ராஞ்சியாவுக்கு மாற்றினார்.

இரண்டையும் பிரித்தறியக் காயே போதும். விபர்னத்தின் காய் ஒற்றை விதையுள்ள சதைக்கனி. நம் சோலையிலுள்ள விபர்னம் எருபெசன்ஸ் என்ற சிற்றினத்தில் அது சிவந்து பின் கறுக்கும். ஹைட்ராஞ்சியாவின் காய் உலர்ந்த கலயம். காய் இல்லாத பருவத்தில் ஆர்போரெசன்ஸின் தண்டைப் பார்க்க வேண்டும்: முதிர்ந்த பட்டை மெல்லிய ஏடுகளாக உரியும், ஒவ்வொரு ஏட்டுக்கும் அடியில் வேறொரு நிறம் தெரியும். அமெரிக்கர்கள் அதை ‘ஏழு பட்டை’ என்று அழைப்பதும் இதனால்தான். ஆகவே அதற்கு ‘ஏழுபட்டைக் கலயம்’ என்பது என் முன்மொழிவு. மேக்ரோபில்லாவுக்குப் ‘பேரிலைக் கலயம்’ என்றும், ஓக் மரத்தின் இலையை ஒத்த குவெர்சிபோலியாவுக்குக் ‘கருவாலியிலைக் கலயம்’ என்றும் அதே வழியில் சொல்லலாம்.

இதில் இன்னொரு கவலையும் உண்டு. சீகை மரமும் உண்ணிச்செடியும் நம் புல்வெளிகளையும் சோலை ஓரங்களையும் என்ன செய்தன என்பதை மலைவாசிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ‘காட்டு’ என்று பெயர் பெற்ற செடியைக் காட்டோரத்தில் நடுவது தவறில்லை என்று ஒருவர் எண்ணிவிடக் கூடும். ஏழுபட்டைக் கலயம் வேர்க்கட்டையிலிருந்து பக்கக் கன்று விட்டுப் படரும் இயல்புடையது. அதை வேலிக்குள், தோட்டப் பாத்தியில் மட்டுமே வைக்க வேண்டும். தழையில் நஞ்சு இருப்பதால் ஆடு மாடுகளுக்கு எட்டாத இடமாகவும் அது இருக்க வேண்டும்.

கொத்தின் விளிம்பில் நிற்கும் பெரிய பூக்களைப் பாடநூல் வழியில் ‘மலட்டுப் பூ’ என்கிறோம். அதில் அகன்று தெரிவது அல்லி இதழ் அன்று, புல்லி இதழ். விதை தராவிட்டாலும் பூச்சிகளை அழைப்பது அதன் வேலை. அதனால் ‘காட்சிப்பூ’ என்று சொல்வது அதன் பணியை விளக்கும். ஏழுபட்டைக் கலயத்தில் காட்சிப்பூக்கள் மிகச் சில, சில கொத்துகளில் ஒன்றுமே இருக்காது என்பதும் அடையாளக் குறிப்பாக உதவும்.

வளர்ப்போருக்குத் தேவையான சொற்களில் ‘கவாத்து’ ஏற்கெனவே தேயிலைத் தோட்டத்திலிருந்து நம் நாவில் இருக்கிறது. அதோடு ‘பழங்கொம்புப் பூப்பு’, ‘புதுக்கொம்புப் பூப்பு’ என்ற இரண்டையும் சேர்த்துக்கொள்ள வேண்டுகிறேன். பேரிலைக் கலயம் பெரும்பாலும் முந்தைய பருவத்துக் கொம்பில் மொட்டுக் கட்டுவது. டிசம்பர், ஜனவரியில் அதை ஒட்ட வெட்டினால் அடுத்த பருவத்தின் பூவையே வெட்டியவர்களாவோம். தலைகுந்தா போன்ற தாழ்வான இடங்களில் உறைபனி விழுந்து நுனிமொட்டுக் கருகினாலும் இதே இழப்புத்தான். ஆகவே பனி தேங்காத சரிவில் நடுவது நல்லது. ஏழுபட்டைக் கலயமோ அந்த ஆண்டு துளிர்த்த கொம்பிலேயே பூப்பதால், குளிர் முடியும் முன் அடியோடு கவாத்துச் செய்தாலும் பூ வரும். இரண்டுக்கும் காலை வெயிலும் பிற்பகல் நிழலும், மக்கிய இலை கலந்த ஈர மண்ணும் வேண்டும். மழையில்லாத பிப்ரவரி, மார்ச்சில் தூரைச் சுற்றிச் சருகு பரப்ப வேண்டும். மழைக்காலத்தில் பூக்காத இளங்கொம்பை இரண்டு மூன்று கணுக்களோடு வெட்டி, இலைகளைப் பாதியாக நறுக்கி மணலில் ஊன்றினால் போத்து எளிதில் வேர்பிடிக்கும்.

‘கலயம்’ என்பதற்குப் பேரினப் பெயராக வேறு எங்கேனும் வழக்கு இருந்தால் சுட்டிக்காட்டுங்கள். பழனி மலை நண்பர்கள் ‘போத்து’ என்ற சொல்லையே ஆள்கிறார்களா, வேறு சொல் உண்டா என்பதையும் எழுத வேண்டுகிறேன். கலைச்சொற்பட்டியலில் இரு மலைகளின் வழக்கையும் சேர்த்தே பதியலாம்.

அன்புடன்,
உதகையிலிருந்து