சவரக்கத்தி பழகலாம் என்றிருக்கிறேன், எதிலிருந்து தொடங்குவது?

ஆலைக்காரன் (சுங்கை சிப்புட்):

வணக்கம். செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை எனக்கு. தாடி முடி சுருள். மூன்று நான்கு பிளேடு வைத்த ரேசரில் மழித்தால் மறுநாளே கழுத்து முழுக்கப் பொரிப் பொரியாகக் கிளம்பிவிடுகிறது. கிளினிக்கில் ஒற்றைப் பிளேடுக்கு மாறச் சொன்னார்கள். மாறுவதுதான் மாறுகிறோம், மடக்குச் சவரக்கத்தியே பழகிவிடலாமே என்று ஓர் ஆசை.

முதலில் பிளேடு மாட்டும் கத்தியில் கை பழகிவிட்டு அசல் கத்திக்குப் போவது நல்லதா? நம் ஊர் ஈரத்துக்கு எஃகு துருப்பிடிக்காமல் எப்படி வைத்துக்கொள்வது? வீடு பழைய தோட்டத்து லயம், குளியலறையில் சிமெந்துத் தொட்டி, அந்தச் சுவர் காய்ந்து நான் பார்த்ததே இல்லை. இன்னொன்று, அப்பா பால்வெட்டும் கத்தி தீட்டிய கல் வீட்டில் கிடக்கிறது. அது போதுமா?

தோல்வார்:

தம்பி, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். அந்தக் கல் வேண்டாம். பால்வெட்டும் கத்தியின் வாய் வளைந்தது, கல் அதன் வளைவைத் தேடிப் போகும். சவரக்கத்தி அப்படியில்லை. முதுகும் கூரும் இரண்டுமே கல்லில் படியப் படுக்க வைத்து, கூர் முன்னே போகும்படி தள்ள வேண்டும். முதுகின் கனம்தான் கோணத்தைக் கொடுக்கிறது, நம் கை கணிக்க வேண்டியதில்லை. அதனால் கல் துளிகூடக் குழியாத மட்டமாக இருக்க வேண்டும். தோட்டத்துக் கல்லெல்லாம் நடுவில் தேய்ந்து போயிருக்கும், சொரசொரப்பும் அதிகம். கூர் எடுக்க 1000 கிரிட் (கல்லின் நைசைச் சொல்லும் எண், எண் கூடக் கூட நைசு), அப்புறம் 4000, 8000, முடிக்க 12000 வரை போகிறவர்கள் உண்டு. புதிதாகப் பழகுகிறவர் இதில் இறங்கவே வேண்டாம். தீட்டத் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை கொடுத்து வாங்கினால் தோல்வாரை, அதாவது கத்தியைத் தேய்த்துக் கூரைச் சீராக்கும் தோலும் துணியுமான பட்டையை, வைத்தே பல மாதம் ஓட்டலாம்.

பிளேடு மாட்டும் கத்தி விஷயத்தில் நான் எல்லாரும் சொல்வதற்கு மாறாகத்தான் சொல்வேன். முடிவெட்டும் கடையில் நாங்கள் அரைப் பிளேடு போடுவது நோய்க்குப் பயந்து. தாளோடு பிளேடை இரண்டாக ஒடித்து வாடிக்கையாளர் கண் முன்னால் மாட்டினால்தான் அவர் கழுத்தைக் கொடுப்பார். உங்கள் முகத்துக்கு உங்கள் கத்தி, அங்கே அந்தக் காரணமே கிடையாது. அரைப் பிளேடு மெலிசு, எடை இல்லை, இரண்டு மூலையும் குத்தும், கோணம் கொஞ்சம் பிசகினாலும் கீறிவிடும். அசல் கத்தி கனமாகத் தோலில் உட்காரும். முடி அறுபடும் சன்னமான சத்தம் காதில் விழும். அந்தச் சத்தம் நின்றால் கோணம் தப்பிவிட்டது என்று அர்த்தம்.

வாங்கும்போது 5/8 அங்குல அகலம், முனை உருண்டையாக இருப்பது. ஜெர்மனியின் சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெபீல்டு என்று பழைய பெயர்கள் உண்டு, விலையும் அதற்கேற்ப. எங்கே செய்ததாக இருந்தாலும் "சவரத்துக்குத் தீட்டியதா?" என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். பெட்டியிலிருந்து எடுத்த புதுக் கத்தி பல நேரம் முடியைப் பிடுங்கும்.

இனி தோல்வார். பாதி சவரம் இதில்தான் இருக்கிறது. ஒரு முனையைக் கொக்கியில் மாட்டி மறு முனையை இறுக்கி இழுத்துப் பிடியுங்கள். தொய்ந்தால் கூர் மழுங்கும். கல்லுக்கு நேர்மாறு இது: முதுகு முன்னே, கூர் பின்னே. முதுகு வாரைவிட்டு எழவே கூடாது. கடைசிக்கு வந்ததும் முதுகின் மேலேயே கத்தியைப் புரட்டித் திரும்பி வாருங்கள். கூர் பக்கமாகப் புரட்டினால் முதலில் வார் அறுபடும், அப்புறம் கத்தி போகும். துணிப் பக்கத்தில் 20 தடவை, தோல் பக்கத்தில் 50 தடவை, ஒவ்வொரு சவரத்துக்கும் முன்னால். அழுத்தம் வேண்டாம், கத்தியின் எடையே போதும். பழகுகிற காலத்தில் ஆமை வேகத்தில் போங்கள். சினிமாவில் படபடவென்று அடிப்பதைப் பார்த்துவிட்டு வந்து என் வாரில் வெட்டுப் போட்ட பையன்கள் இருக்கிறார்கள்.

சவரம்: வெந்நீரில் தாடி இரண்டு மூன்று நிமிடம் ஊறட்டும், பிரஷ்ஷால் நுரை. மூன்று விரல் கத்தியின் கழுத்து மேலே, சுண்டுவிரல் ஆணிக்கு அப்பால் நீளும் வாலில், கட்டைவிரல் அடியில். கத்தியைக் கன்னத்தில் படுக்க வைத்து, முதுகை அதன் கனத்தைப் போல ஒன்றரை இரண்டு மடங்கு தூக்குங்கள். ஏறக்குறைய 30 டிகிரி வரும். கிருதாவுக்குக் கீழே கன்னம் மட்டும், முடி போகிற போக்கில். மற்ற இடத்தைப் பழைய ரேசரால் முடித்துக்கொள்ளுங்கள். முகவாயும் மேல் உதடும் கை நிதானப்பட்ட பிறகு. பக்கவாட்டில் மட்டும் இழுத்துவிடாதீர்கள், அது சவரம் இல்லை, வெட்டு.

கூலிம் பையன்:

அண்ணே சொல்வது சரி. ஆனால் பிரச்சினை கழுத்துப் பொரிதான் என்றால் இரண்டு பக்கப் பிளேடு போடும் பழைய திருகு ரேசரே போதுமே? அதுவும் ஒற்றைப் பிளேடுதான். ஷிப்ட் முடிந்து தூக்கக் கலக்கத்தில் வருகிறவர் கையில் மடக்குக் கத்தி எதற்கு?

வார்டு அக்கா:

மருத்துவமனையில் தாதி நான். பல பிளேடு ரேசர் முடியை இழுத்துத் தோலுக்குக் கீழே வெட்டுகிறது. சுருள் முடி திரும்பி உள்ளேயே வளர்ந்து பொரிகிறது. ஆகவே எந்தக் கத்தி எடுத்தாலும் கழுத்தில் எதிர்ப்போக்கில் ஓட்டாதீர்கள், ஒட்ட மழிக்க ஆசைப்படாதீர்கள். இனிப்புநீர் இருந்தாலோ இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். கத்தியை அண்ணன் தம்பிக்குக்கூடக் கொடுக்காதீர்கள். ஹெப்பாடைட்டிஸ் பி கிருமி காய்ந்த இரத்தத்தில் 7 நாள் வரை உயிரோடு இருக்கும்.

ஆலைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. இனிப்புநீர் இல்லை அக்கா. இரவு ஷிப்ட் வாரத்தில் கத்தியைத் தொடமாட்டேன், கூலிம் அண்ணன் சொன்ன ரேசர்தான். துருவுக்கு என்ன வழி?

தோல்வார்:

அதை விட்டுவிட்டேனா. குளியலறையில் வைக்கவே வைக்காதீர்கள், படுக்கையறை அலமாரிதான் அதற்கு இடம். தோல் உறையும் வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சவரம் முடிந்ததும் கூரை மட்டும் தண்ணீரில் அலசுங்கள், பிடிக்குள் தண்ணீர் போனால் ஆணி பக்கத்தில்தான் முதல் துரு விழும். தொட்டி விளிம்பிலும் குழாயிலும் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு தட்டு போதும், கூர் பல் பல்லாகப் போய்விடும். டிஷ்யூவால் முதுகிலிருந்து கூரை நோக்கித் துடைத்து, விரித்தபடியே மின்விசிறிக் காற்றில் கொஞ்ச நேரம் விடுங்கள். அப்புறம் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக நாளாகப் பிசுக்கேறும். சப்பாத்துப் பெட்டியில் வரும், ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தைப் பக்கத்தில் போட்டு வையுங்கள்.

கத்தி வந்ததும் கடைக்குக் கொண்டு வாருங்கள், தீட்டித் தருகிறேன். செவ்வாய்க்கிழமை வந்தால் நல்லது, அன்றைக்கு நம் ஆட்கள் முடி வெட்ட வரமாட்டார்கள்.