பெர்கொலேட்டரில் தண்ணீர் ஏறுவதற்கு என்ன பெயர்?

பாளையங்கோட்டை ஆசிரியை:
எல்லாருக்கும் வணக்கம். எட்டாம் வகுப்புப் பயிற்சித்தாள் ஞாயிறு ராத்திரி அச்சுக்குப் போகணும், ஒரு சொல் வேணும். நேத்து கண்ணாடிப் பெர்கொலேட்டரை, அதான் காபி போடுற பாத்திரத்தை, அடுப்பில் வைத்துக் காட்டினேன். நடுக்குழாயின் அடியில் கவிழ்த்த புனல் மாதிரி ஒரு பாதம். அதுக்குள்ள குமிழ் திரண்டு, குழாயை அடைச்சுக்கிட்டு ஏறும்போது தனக்கு மேல நிக்கிற தண்ணியையும் தூக்கிட்டுப் போகுது. பாத்திரத்துத் தண்ணி முழுசும் கொதிக்கும் முன்னாலேயே இது தொடங்கிருது. "டீச்சர், மோட்டார் எங்க இருக்கு?" என்றான் ஒரு பையன். அவனுக்குப் பதிலாக நிக்கிற சொல் வேணும்.

'வடிகட்டி' நம்ம வீட்டு பில்டருக்குப் போயிட்டு. 'கசிவி'யும் சரிவராது, கசிவுநீர்க் குட்டையில தண்ணி கீழேதான் இறங்குது. இங்க இயற்பியல் முழுக்க ஏறுற வழியில இருக்கு. 'குமிழேற்றம்' எப்படி?

கோவில்பட்டியிலிருந்து:
'ஆவியழுத்தி' என்றால் புரியுமே.

ஆசிரியை:
அது மோக்காங்கிற இன்னொரு வகைக் காபிப் பாத்திரத்துக்குப் பொருந்தும் சார். அதில் அடைபட்ட ஆவி தண்ணியை மேலே தள்ளுது. இதில் மூடி இறுக்கமே இல்லை. 100 டிகிரியில் ஒரு சொட்டுத் தண்ணி ஆவியானா சுமார் 1,600 மடங்கு இடம் பிடிக்கும். அதனால குழாய்க்குள்ள இருக்கிற கலவை லேசாயிருது. வெளியே நிக்கிற தண்ணியின் கனம் அதை மேலே ஏத்துது.

சங்கரன்கோவில் அண்ணாச்சி:
அப்போ இது கிணத்துல மாடு கட்டி இறைக்கிற கமலைதானே! ஒவ்வொரு குமிழும் தண்ணி அள்ளுற ஒரு கூனை. நிறைஞ்சு ஏறும், மேல கொட்டும், திரும்பக் கீழ வரும். 'ஆவிக்கமலை'ன்னு வையுங்க டீச்சர். எங்க கிணத்துல வடம் தேஞ்ச தடம் கல்லுல இன்னமும் இருக்கு.

தென்காசிப் புலவர்:
கமலையில் மாடு மேலிருந்து இழுக்கிறது. இங்கே கீழிருந்து தள்ளல். உவமை பொருந்தவில்லை. 'குமிழ்' என்பதும் ஐயத்துக்கு இடம் தரும். அந்தப் பாத்திரத்தின் மூடியில் கைப்பிடியாக இருப்பதும் குமிழ்தான். குமிழ் என்று மரமும் உண்டு. நாலடியார் மழைநீரில் எழும் குமிழியை 'மொக்குள்' என்கிறது. மொக்கு, மொட்டு, மொக்குள் எல்லாம் திரண்டு நிற்பதைக் குறிக்கும் ஒரே வேர். 'மொக்குளேற்றம்' என்க.

ஆசிரியை:
ஐயா, மொக்குன்னா பிள்ளைகளுக்கு மல்லிகை மொக்குதான் தெரியும். அந்தச் சொல்லை விளக்கவே ஒரு பீரியடு போயிரும். ஆனா கைப்பிடி விஷயம் நியாயம், நான் கவனிக்கலை. ஓர் இகரம் சேர்த்து 'குமிழியேற்றம்' என்று போடுறேன். கருவிக்கு 'பெர்கொலேட்டர்' என்றே இருக்கட்டும்.

கோவில்பட்டி:
சரி.

புலவர்:
குமிழி பிழையில்லை. மொக்குளை அடைப்புக்குறிக்குள்ளாவது போடுங்கள், அம்மா.

அண்ணாச்சி:
ஏற்றமும் இழுக்கிறதுதான் புலவரே. கிணத்துல ஆள் நின்னு மிதிச்சு இறைச்சது. அதை ஒத்துக்கிட்டீங்க, கமலையை மட்டும் ஏன் தள்ளுதீங்க?