ஃபோர்டிகேட்ல அன்டிவைரஸ் போட்டிருக்கு, ஆனா டெஸ்ட் ஃபைல் சும்மா இறங்குது

புறக்கோட்டை_எக்கவுண்ட்ஸ்:
அண்ணாமார் ஒரு உதவி. புறக்கோட்டையில மொத்தக் கடை ஒன்றின்ர ஒஃபிஸ், 22 பிசி, ஃபயர்வோல் பொக்ஸ் ஃபோர்டிகேட் 60எஃப். நான் ஐடி ஆளே இல்ல, கணக்கு எழுதுறவன், ஒருநாள் பிரிண்டர் திருத்திக் குடுத்த பாவத்துக்கு இதையும் என்ர தலையில கட்டிட்டாங்க. பொலிசியில (எந்த டிரஃபிக்க எப்பிடி விடுறது எண்ட விதி) அன்டிவைரஸ், ஐபிஎஸ் (ஊடுருவல் தடுப்பு), வெப் ஃபில்டர் மூண்டும் போட்டிருக்கு, லைசன்ஸும் இருக்கு, ஆனா ஐகார் தளத்தில அன்டிவைரஸ சோதிக்கிற டெஸ்ட் ஃபைல (உண்மையான வைரஸ் இல்ல) எடுத்தா இறங்குது, விண்டோஸ் டிஃபெண்டர்தான் மூலையில எட்டிப்பார்த்துப் பிடிக்குது, ஃபயர்வோல் லொக்ல ஒரு வரி இல்ல. அதே ஃபைல தெஹிவளைக் கிளையின்ர பழைய எச்டிடிபி சேர்வர்ல வச்சு எடுத்தா உடன புளொக் பேஜ். ஏன்?

வெள்ளவத்தையான்:
விடைய நீங்களே சொல்லிட்டீங்க தம்பி. ஐகார் எச்டிடிபிஎஸ், என்கிரிப்ட் பண்ணிப் பூட்டி வருது; கிளைச் சேர்வர் வெறும் எச்டிடிபி, பூட்டு இல்ல. பொலிசியில எஸ்எஸ்எல் இன்ஸ்பெக்ஷன் "சேர்ட்டிஃபிகேட் இன்ஸ்பெக்ஷன்" எண்டு இருக்கும், பாருங்க. அது தளத்தின்ர பேரையும் சேர்ட்டிஃபிகேட்டையும் மட்டும் பார்க்கும், உள்ள என்ன போகுது எண்டு தெரியாது. வெப் ஃபில்டருக்கு அது காணும், அன்டிவைரஸுக்குக் காணாது. டீப் இன்ஸ்பெக்ஷன் வேணும், அது பூட்டத் திறந்து உள்ள பார்த்திட்டு தன்ர சேர்ட்டிஃபிகேட்டால திரும்பப் பூட்டி அனுப்பும். ஆனா மாத்த முதல் ஃபோர்டிகேட்டின்ர சிஏ சேர்ட்டிஃபிகேட்ட இறக்கி எல்லாப் பிசியிலயும் டிரஸ்டட் ரூட்ல (பிசி நம்புற சேர்ட்டிஃபிகேட் லிஸ்ட்) போடுங்க, இல்லாட்டி பிரவுசர் எச்சரிக்கை காட்டி, காலம எட்டரைக்கு முழு ஒஃபிசும் உங்கட மேசைக்கு முன்னால நிக்கும். போனுகளுக்கு வேற பொலிசி, சில அப் சிஏ போட்டாலும் ஒத்துக்கொள்ளாது.

புறக்கோட்டை_எக்கவுண்ட்ஸ்:
சரியா அதுதான்! மூண்டு பிசியில போட்டுப் பார்த்தன், ரெண்டில புளொக். மூண்டாவது மனேஜர்ட பிசி, அதில இன்னும் இறங்குது 😩

கேபிள்_மச்சான்:
அதில பிரவுசர்ல பூட்டுப் படத்த அமத்தி சேர்ட்டிஃபிகேட் ஆர் குடுத்தது எண்டு பாருங்க. ஃபோர்டிநெட் பேர் இல்லாட்டி அந்த டிரஃபிக் உங்கட பொலிசியால போகேல்ல, இல்லாட்டி குரோம் க்விக்ல (டிசிபிக்குப் பதிலா யூடிபியில போற வழி) போகுது. க்விக்குக்கு யூடிபி 443 அடைச்சா தானா டிசிபிக்கு வந்திடும். பொலிசி மேலயிருந்து கீழ வாசிக்கும், முதல்ல பொருந்தினதோட நிண்டிடும், அதையும் பாருங்க.

புறக்கோட்டை_எக்கவுண்ட்ஸ்:
பூட்ட அமத்தினா வேற பேர். யூடிபி 443 அடைச்சும் அப்பிடியே. பிறகு பொலிசி லிஸ்ட்ல ஆக மேல போனா "டெம்ப்" எண்டு ஒண்டு, சோர்ஸ் மனேஜர்ட ஐபி, மிச்சம் எல்லாம் ஓல், அன்டிவைரஸ் மாதிரி ஒரு ப்ரொஃபைலும் இல்ல. பொக்ஸ் பூட்ட வந்த ஆக்கள் அண்டைக்கு வீடியோ கோல் வேலை செய்யேல்ல எண்டு போட்டிட்டு மறந்து போயிட்டாங்க போல, கடைசியா பாவிச்ச நேரம் இண்டைக்குக் காலமதான். டிசேபிள் பண்ணினன், புளொக் பேஜ் வந்திட்டுது. பாங்க் சைட்டும் திறக்குது.

வெள்ளவத்தையான்:
பாங்க், ஹெல்த் வகை டீப் இன்ஸ்பெக்ஷன்ல முதலே விலக்கித்தான் இருக்கும். மிச்சம் 19 பிசிக்கும் டொமைன் (எல்லாப் பிசியையும் ஒரு சேர்வர்ல இருந்து ஆளுற அமைப்பு) இருந்தா குரூப் பொலிசியால அந்தச் சேர்ட்டிஃபிகேட்ட அனுப்புங்க.

புறக்கோட்டை_எக்கவுண்ட்ஸ்:
டொமைனா? எங்கட கடையிலயா?

வெள்ளவத்தையான்:
அப்ப பென் டிரைவ எடுங்க தம்பி.