சரியாகத்தானே 'யெஸ்' சொன்னேன்?

நைட்ஷிஃப்ட்காரன்

இங்கிலீஷில் தப்பும் தவறுமாகப் பேசி அசிங்கப்பட்ட கதை எல்லோரிடமும் ஒன்று இருக்கும். ஒரே ஒரு சொல் சொல்லி மாட்டிக்கொண்டவர்கள் உண்டா? என்னை மாட்டிவிட்ட சொல் 'யெஸ்'.

2009-ல் சென்னையில் ஒரு கால் சென்டரில் ராத்திரி ஷிஃப்ட். ஓர் அமெரிக்க அம்மணி, மகளின் பிறந்தநாளுக்கு ஆர்டர் செய்த பொருள் என்ன ஆயிற்று என்று கேட்கிறார். "ஹேவன்ட் யூ ஷிப்ட் இட் யெட்?" திரையில் பார்த்தேன், இன்னும் அனுப்பவில்லை. "யெஸ், மேடம்" என்றேன். 'ஆமாம், இன்னும் அனுப்பவில்லை' என்பதுதான் என் கணக்கு. "ஓ, கிரேட்!" என்று சந்தோஷமாகப் போனை வைத்துவிட்டார். அனுப்பாததற்கு ஏன் கிரேட் என்கிறார் என்று ஒரு நொடி தோன்றியது. அதற்குள் அடுத்த கால்.

நான்கு நாள் கழித்து டீம் லீடர் என்னைக் கூப்பிட்டு ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். பிறந்தநாள் முடிந்துவிட்டதாம், அம்மணி கொதித்துப் போயிருக்கிறார். அதைவிட வேடிக்கை, கேட்டுக்கொண்டிருந்த எட்டுப் பேரில் பாதிப் பேருக்கு நான் செய்த தப்பு என்னவென்றே புரியவில்லை.

"சாப்பிடலையா?" என்றால் "ஆமா, சாப்பிடலை" என்போம். கேட்டவர் நினைத்தது சரி என்பதற்கு நம் 'ஆமா'. இங்கிலீஷ்காரர் கேள்வியில் இருக்கும் 'நாட்'டைக் கண்டுகொள்வதே இல்லை. நடந்திருந்தால் யெஸ், நடக்கவில்லை என்றால் நோ. நான் அன்றைக்கு "நோ" சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

பொட்டிதட்டி

ஆன்சைட்டில் மான்செஸ்டர் போன புதிது. ரயிலில் பக்கத்து இருக்கையில் என் பை. ஒருவர் வந்து "டூ யூ மைண்ட் இஃப் ஐ சிட் ஹியர்?" என்றார். "யெஸ், யெஸ், ப்ளீஸ்!" என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கை உட்காரச் சொல்கிறது, வாய் உட்காராதே என்கிறது. மனிதர் என் முகத்தையும் பையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, இருக்கையின் நுனியில் பட்டும் படாமல் உட்கார்ந்தார். அடுத்த ஸ்டேஷனில் வேறு இடம் மாறிவிட்டார்.

'மைண்ட்' என்று ஆரம்பித்தால் அது அனுமதி கேட்பது போல ஒலிக்கும். உண்மையில் 'உங்களுக்கு ஏதும் ஆட்சேபமா' என்கிற கேள்வி. அப்படியென்றால் இடம் கொடுக்க நினைப்பவர் 'நோ' சொல்ல வேண்டும். ஆனால் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் இதற்கு "ஷ்யூர், கோ அஹெட்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதைப் பிற்பாடு கவனித்தேன். நானும் அதற்கே மாறிவிட்டேன்.

லண்டன் மகள்

என் கதையில் மாட்டியது அம்மா. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நெஞ்சுச் சளி என்று டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் கேட்டார்: "யூ ஆர் நொட் அலர்ஜிக் டு பெனிசிலின், ஆர் யூ?" அம்மா தலையை ஆட்டி "யெஸ்" என்றார். டொக்டர் உடனே கணினியில் எதையோ தட்டினார். நான் அந்த நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்து மருந்துப் பெட்டியைப் பார்த்தால் வேறு ஏதோ அன்டிபயோட்டிக். அம்மா ஊரில் அமொக்சிசிலின் (அதுவும் பெனிசிலின் வகைதான்) எத்தனையோ தரம் குடித்தவர். விசாரித்தால், அம்மாவுக்குப் பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று பதிவாகியிருந்தது. அதை அழிக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அம்மாவின் வாதம் இது: "அவர் 'இல்லைத்தானே' என்று கேட்டார். நான் 'ஓம்' என்றேன். இதில் என்ன பிழை?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

தமிழய்யா

அம்மா சொன்னதில் பிழை இல்லை. பள்ளியில் விடை எட்டு வகை என்று படித்தோமே, நினைவிருக்கிறதா? அதில் நேர்விடை என்றால் 'உடன்பட்டுக் கூறுவது'. கேட்டவரோடு உடன்படுவதுதான் நமக்கு ஆமாம். ஜப்பானியரும் சீனரும்கூட ஏறக்குறைய இப்படித்தான். அதற்காக நாம் எப்போதும் ஒரே மாதிரி என்றும் சொல்ல முடியாது. "சாப்பிடலையா?" என்றால் "இல்ல, இனிமேதான்" என்பவரும் நம் வீட்டிலேயே உண்டு.

ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இரண்டு சொல்லுக்குப் பதில் நான்கு இருந்தன. சாதாரணக் கேள்விக்கு 'யே', 'நே'. எதிர்மறைக் கேள்விக்கு 'யெஸ்', 'நோ'. பைபிளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த வில்லியம் டிண்டேல் 1526-ல் வெளியிட்ட புதிய ஏற்பாட்டில் 'நே' வர வேண்டிய இடத்தில் 'நோ' போட்டுவிட்டார் என்று 1532-ல் அவரை எதிர்த்து எழுதிய தாமஸ் மோர் சண்டைக்குப் போனார். விதியை விளக்கப் போன இடத்தில் மோரும் சறுக்கினார் என்பது தனிக்கதை! அப்புறம் யே, நே இரண்டும் வழக்கொழிந்து, மிச்சமிருந்த இரண்டே நான்கு வேலையையும் பார்க்கின்றன. பிரெஞ்சுக்காரர் எதிர்மறைக் கேள்வியை மறுக்கத் தனியாக 'சி' வைத்திருக்கிறார், ஜெர்மானியர் 'டோக்' வைத்திருக்கிறார்.

அந்த எட்டு வகையில் என் வகுப்புப் பையன்களுக்குப் பிடித்தது உற்றது உரைத்தல், அதாவது தனக்கு நேர்ந்ததையே விடையாகச் சொல்வது. "நீ விளையாடவில்லையா?" "கால் வலிக்கிறது." ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை.

எதிர்க்கட்சி

எல்லாம் சரி, நாம் மட்டும் ஏன் வெட்கப்பட வேண்டும்? எங்கள் ஆபீஸ் ஆஸ்திரேலியர் தினமும் "யே, நோ" என்றுதான் பேச்சையே ஆரம்பிக்கிறார். அது ஆமாமா இல்லையா என்று மூன்று வருடமாக எனக்குத் தெரியவில்லை.

தூத்துக்குடி மாலுமி

கடலில் இதற்கு எழுதி வைத்த வழி உண்டு. ஒரு கப்பலில் கேப்டன் ஒரு நாட்டுக்காரர், சீஃப் இன்ஜினியர் வேறு நாடு, நாங்கள் நாலு பேர் தமிழ்நாடு. ரேடியோவில் யெஸ் மட்டும் சொன்னால் இரைச்சலில் பாதி காணாமல் போகும், மீதியை ஆளுக்கொரு மாதிரி எடுத்துக்கொள்வார்கள். 2001-ல் சர்வதேச கடல்சார் அமைப்பு, கப்பலில் பேச வேண்டிய வாக்கியங்களை ஒரு தொகுப்பாகவே கொண்டுவந்தது. யெஸ் அல்லது நோ சொன்ன கையோடு முழு வாக்கியத்தையும் சொல்ல வேண்டும் என்பது அதில் ஒரு விதி. "டூ யூ ரிக்வயர் டக்ஸ்?" (இழுவைப் படகு வேண்டுமா?) என்று துறைமுகத்திலிருந்து கேட்டால், "யெஸ், ஐ ரிக்வயர் டூ டக்ஸ்". வேண்டாம் என்றால், "நோ, ஐ டூ நாட் ரிக்வயர் டக்ஸ்". கிளிப்பிள்ளை மாதிரி இருக்கும். ஆனால் யெஸ் காற்றில் போனாலும் வாக்கியம் போய்ச் சேரும்.

ஒரே கஷ்டம், லீவில் வந்தால் வீட்டிலும் அப்படியே வருகிறது. "காபி வேணாமா?" என்று மனைவி கேட்டால், "வேணும், எனக்குக் காபி வேணும்" என்கிறேன். எதற்கு இரண்டு தடவை கேட்கிறீர்கள், தர மாட்டேன் என்றா சொன்னேன் என்று கோபம்.

நைட்ஷிஃப்ட்காரன்

மாலுமி அண்ணே, இதை 2009-லேயே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால்! "நோ மேடம், வி ஹேவ் நாட் ஷிப்ட் இட்." ஐந்து சொல் அதிகம், அவ்வளவுதான். லண்டன் அக்கா, அம்மாவுக்கும் இதையே பழக்கிப் பாருங்களேன்.

லண்டன் மகள்

பழக்கினேன். போன கிழமை பல் டொக்டரிடம் போனோம். அவரும் அதே கேள்வியை ஆரம்பித்தார். "யூ ஆர் நொட்..." என்பதற்குள் அம்மா கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, "ஐ டேக் பெனிசிலின். மெனி டைம்ஸ். நோ ப்ரொப்ளம்" என்றார். அவர் கேட்க வந்தது, நீங்கள் அவசரத்தில் இல்லைத்தானே என்று.