அப்பாவின் இருமலும் மாட்டுங்கா டாக்டரும்

செம்பூர்வாசி:
மூன்று மாதம் வறட்டு இருமல். ராத்திரி இரண்டு மணிக்கு அப்பா எழுந்து உட்கார்ந்து இருமுவார். பக்கத்து ஃபிளாட்டில் விளக்கு எரியும். வீட்டருகே இருக்கும் ஏசி கிளினிக்குக்கு ஐந்து தடவை போனோம், ஐந்து தடவையும் வேறு வேறு டாக்டர். முதலிலிருந்து கதை கேட்டு ஆளுக்கொரு சிரப் எழுதினார்கள். எக்ஸ்ரே, சளி டெஸ்ட் எல்லாம் ஆச்சு. டிபி இல்லை. (மும்பையில் இருமல் என்றால் முதல் பயம் அதுதானே.)

கடைசியில் மாட்டுங்காவில் பழைய டாக்டரிடம் கூட்டிப்போனேன். வீடு மாறிய பிறகு நாலு வருஷமாகப் போகவில்லை. அப்பாவின் பழைய சிகிச்சைக் குறிப்புகள் இருந்த பழுப்பேறிய கேஸ் பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு, பையிலிருந்த மாத்திரைகளை மேஜையில் கொட்டச் சொன்னார். ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தவர் ஓர் அட்டையை மட்டும் விரலால் தள்ளி வைத்தார். ராமிப்ரில்.

"இது நான் கொடுத்ததில்லையே. எப்ப ஆரம்பிச்சது?"

பிரஷருக்காக, இருமலுக்குச் சில வாரம் முன்னால் அதே கிளினிக்கில் ஆறாவதாக ஒருவர் எழுதியது. அந்த வகை மாத்திரை சிலருக்கு வறட்டு இருமல் கொண்டுவருமாம். டெல்மிசார்டன் என்ற வேறு வகை பிரஷர் மாத்திரைக்கு மாற்றினார். மூன்றாவது வாரம் அப்பா விடியும்வரை தூங்கினார். அந்த ஐந்து சீட்டிலும் ராமிப்ரில் பெயர் இருந்தது. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

டோம்பிவிலி அக்கா:
பழைய டாக்டர் என்றாலே தெய்வமா? எங்கள் அம்மாவை இருபது வருஷம் ஒருவர்தான் பார்த்தார். மூச்சு வாங்குது என்றால் "மாமி, உங்களுக்கு எப்பவும் வாயுத் தொல்லைதானே" என்று சிரிப்பார். அவர் ஊருக்குப் போன வாரம் உட்கார்ந்திருந்த சின்னப் பெண், அம்மாவின் கீழ் இமையை இழுத்துப் பார்த்ததுமே ரத்தம் எடுக்கச் சொன்னாள். ஹீமோகுளோபின் 6, கடுமையான ரத்தசோகை.

சயான்_22:
அக்கா, அவர் பழையவர் என்பது தப்பில்லை, தொட்டுப் பார்க்காததுதான் தப்பு. நார்வேயில் 2022-இல் ஒரு ஆய்வு வந்தது. ஒரே குடும்ப டாக்டரிடம் 15 வருஷத்துக்கு மேல் இருந்தவர்களுக்கு, ஒரு வருஷமே இருந்தவர்களைவிட, சாவு வாய்ப்பு சுமார் 25 சதவீதம் குறைவு. ஆஸ்பத்திரியில் சேர்வதும் குறைவு. அங்கே ஆளுக்கொரு டாக்டர் பதிவிலேயே இருப்பார், இங்கே அந்த வேலை நம் தலையில். அதனால் எல்லாச் சீட்டையும் ஒரே ஃபைலில் வையுங்கள். புது மாத்திரை என்றால் ஆரம்பித்த தேதியை அட்டையிலேயே பேனாவால் எழுதுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதை நீட்டுங்கள். என் டாக்டர் போன வருஷம் கிளினிக்கை மூடிவிட்டார். ஷட்டரில் ஒரு நோட்டீஸ், அவ்வளவுதான். செம்பூர்வாசி, அந்தக் கேஸ் பேப்பரை ஃபோட்டோ எடுத்தீர்களா?

செம்பூர்வாசி:
எடுத்தேன். அவர் கையெழுத்தில் ஒரு வரிகூடப் புரியவில்லை.